பேராக் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும்

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை கற்பிக்கப்படும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம், பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பொருளைச் செய்து காட்டும்படி கேட்பதோடு நில்லாமல், அப்பொருள் யாருக்கு, எதற்கு, எந்த மூலப்பொருளால், எந்த அளவில் வேண்டும் என்பதையும் அப்பிள்ளையே முடிவு செய்யும்படி கேட்கிறது. ஒரு தேவையை இனங்கண்டு, அதற்குரிய தீர்வுகள் சிலவற்றை எண்ணி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, வரைந்து, செய்து, சோதித்து, குறை கண்டவிடத்துத் திருத்தும் தொடர்ச்சியான முடிவெடுப்பே இங்கு வடிவமைப்பு எனப்படுகிறது. அம்முடிவுகளை நிறைவேற்றப் பயன்படும் கருவி, பொருள், செய்முறை ஆகிய அனைத்தும் தொழில்நுட்பத்துள் அடங்கும். ஆகவே ஊசியும் நூலும், விதையும் மண்ணும், மின்கலமும் விசைப்பொறியும், கணினிக்கு இடும் கட்டளைத் தொடரும் ஒரே பாடத்தின் உறுப்புகளாக அமைகின்றன. நாட்டின் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் 130க்கும் மேற்பட்டவை பேராக் மாநிலத்தில் உள்ளன; வேறெந்த மாநிலத்திலும் இத்தனை தமிழ்ப்பள்ளிகள் இல்லை. அவற்றுள் மிகப் பல, ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவை. ஆகவே இப்பாடம் தமிழ்ப்பிள்ளைகளுக்கு என்ன தந்தது, என்ன தரத் தவறியது என்னும் கேள்வியை ஆராய்வதற்குப் பேராக்கே பொருத்தமான களம்.

கையால் செய்து கற்பதைப் பொதுக்கல்வியின் பகுதியாக்கும் எண்ணம் பழையது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸின் முயற்சியால் 1866இல் கைவினை மக்கள்பள்ளிகளின் பாடமாயிற்று. இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் வார்தா மாநாட்டையும் அதையொட்டி ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவையும் அடுத்து உருவான ஆதாரக் கல்வித் திட்டம், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைக்க முயன்றது. இங்கிலாந்து 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியே தேசியக் கலைத்திட்டத்தை வகுத்து, 1990 முதல் ஐந்து வயதிலேயே தொடங்கும் கட்டாயப் பாடமாக வடிவமைப்பையும் தொழில்நுட்பத்தையும் நிறுவியது. இம்மூன்றுள் கடைசியானது ஒரு முக்கியமான திருப்பம். முந்தைய இரண்டிலும் செய்ய வேண்டிய பொருளும் செய்முறையும் பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன, இங்கிலாந்தின் பாடமோ எதைச் செய்வது என்னும் முடிவையும் மாணவரிடம் ஒப்படைத்தது. மலேசியப் பாடத்தின் கால்வழி இந்த மூன்றாவது மரபைச் சேர்ந்தது. நடைமுறையில் அது இன்னும் முதல் இரண்டின் பழக்கத்திலேயே நடைபோடுகிறது என்பதுதான் பேராக்கின் நிலையைக் கூர்ந்து நோக்கும் எவருக்கும் முதலில் புலப்படும் உண்மை.

அதற்குரிய காரணத்தைப் பள்ளிக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. மலாயாவில் பள்ளிக் கைவேலை ஆளுவோரின் நோக்கத்தோடு பிணைந்து வந்தது. ஜாவா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களின் கல்விமுறையைப் பார்வையிட்ட பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்டு வின்ஸ்டெட் 1917இல் அளித்த அறிக்கை, மலாய்த் தொடக்கப்பள்ளிகளில் கூடை முடைதலுக்கும் தோட்டவேலைக்கும் பெரிய இடம் கொடுத்தது. 1922இல் பேராக்கின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிமில் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியும் ஆசிரியர்களை அவ்வழியிலேயே பயிற்றியது. உழவர் மகன் மேலும் நல்ல உழவனாவதற்கு வேண்டிய அளவே கல்வி போதும் என்பதே அக்கொள்கையின் உட்கிடை. தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளைகளின் நிலை இதனினும் தாழ்வானது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தபோதிலும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராக நின்று எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்ததே பல இடங்களில் பள்ளி எனப்பட்டது. வகுப்பு முடிந்தபின் பிள்ளைகள் பெற்றோருடன் மரநிரையில் நின்று, பால் சேரும் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் சென்றனர். அங்கே கைவேலையைப் பள்ளி கற்பிக்க வேண்டிய தேவையே எழவில்லை. வாழ்க்கை அதை மிகுதியாகவே கற்பித்துக்கொண்டிருந்தது.

இந்த வரலாற்றைச் சுமந்த குடும்பங்கள், படிப்பு என்றால் கையை விட்டு விலகும் வழி என்று கருதியதில் வியப்பில்லை. பேரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்புக்கு விடியுமுன் எழுந்து ஓடிய தலைமுறை, தன் பிள்ளை மேசையின் முன் அமர்ந்து பணியாற்ற வேண்டும் என்று விரும்பியது நியாயமான விருப்பம். தையலும் பயிரிடலும் மரத்துண்டில் ஆணி அடித்தலும் பாடமாக வந்தபோது, அவற்றைத் தேர்வுக்கு உதவாத பொழுதுபோக்காகவோ, தாங்கள் விட்டு வந்த உலகுக்கே பிள்ளையைத் திருப்பியனுப்பும் முயற்சியாகவோ பெற்றோர் கண்டனர். கல்வித் துறையினர் இம்மனநிலையை அறியாமை என்று ஒதுக்குவது பெருந்தவறு. வடிவமைப்பு என்பது பிறர் வகுத்ததைச் செய்யும் கூலிக்கையைப் பயிற்றுவதன்று, வகுப்பவரின் சிந்தையைப் பயிற்றுவது என்பதைப் பெற்றோர் கண்ணால் காணும் வகையில் பள்ளி மெய்ப்பித்தாலன்றி, இந்த ஐயம் நீங்காது. நீங்க வேண்டும் என்று கேட்கவும் முடியாது.

கலைத்திட்ட மாற்றங்களைச் சுருக்கமாகக் காணலாம். 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் கீழ், 1990களில் வாழ்வியல் திறன் என்னும் பாடம் கைத்திறனையும் சிறுவணிகத்தையும் குடும்ப வாழ்வையும் ஒன்றாக்கிக் கற்பித்தது. 2011இல் முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாகத் தொடங்கிய தரக் கலைத்திட்டம் 2014இல் நான்காம் ஆண்டை எட்டியபோது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் அப்பெயரோடு பிறந்தது. 2017இல் தொடங்கிய சீராய்வு 2020 ஜனவரியில் நான்காம் ஆண்டை எட்டியது. கட்டளைக் குறியீடு எழுதும் பகுதியும் இப்பாடத்துள் அமைந்தது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. கருவியைப் பகிர்ந்தும் அருகருகே நின்றும் கற்க வேண்டிய ஒரு பாடத்தின் புதிய வடிவம், தன் முதல் மாணவரைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையின் வழியே சந்தித்தது. வேறெந்தப் பாடத்துக்கும் இத்தகைய தொடக்கம் இவ்வளவு கேடாக முடிந்திராது.

இதற்கிணையாக நடந்த மற்றொரு மாற்றம் தேர்வு பற்றியது. 1988 முதல் ஆறாம் ஆண்டு முடிவில் நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வு மொழிகள், கணிதம், அறிவியல் ஆகியவற்றையே அளந்தது. அதனால் தேர்வு நெருங்கும் மாதங்களில் வடிவமைப்புப் பாடவேளை கணிதத்துக்கோ மொழிப் பயிற்சிக்கோ இரவலாகச் செல்வது இயல்பாயிற்று. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டபின், இரவல் வாங்கும் காரணம் வலுவிழந்தது. பழக்கம் மட்டும் வலுவிழக்கவில்லை.

வகுப்பறையில் இப்பாடம் எங்கே தடம் மாறுகிறது என்பதை நுணுகிப் பார்க்க வேண்டும். பாடநூல் ஒரு மாதிரிப் பொருளைப் படத்தோடு காட்டுகிறது; நகல் வடிவத் தாளோ, கடையில் விற்கும் ஆயத்தப் பொதியோ வந்து சேர்கிறது; வகுப்பிலுள்ள அனைவரும் ஒரே பொருளை ஒரே நிறத்தில் செய்து முடிக்கின்றனர். பொருள் அழகாகவே இருக்கும். ஆனால் அதில் பிள்ளை எடுத்த முடிவு ஒன்றேனும் உண்டா என்று தேடினால், ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைத் தவிர வேறொன்றும் அகப்படாது. இதற்கு ஆசிரியரைக் குறை கூறுவது முறையன்று. முப்பது நிமிடப் பாடவேளைகள் ஓரிரண்டு கொண்ட வாரத்தில், பொருள்களை எடுத்து வைத்து ஒதுக்குவதற்கே பாதி நேரம் போகிறது; இப்பாடத்துக்கென்றே பயிற்சி பெற்றவர் கிடைக்காத பள்ளியில் மொழியாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ அதை ஏற்கிறார்; கத்தியும் சுடுபசைத் துப்பாக்கியும் உள்ள அறையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அவர் ஒருவரே பொறுப்பாளி. இந்நிலையில் ஒரே மாதிரியைச் செய்விப்பது ஆசிரியரின் தற்காப்பு.

இங்கே வரைதலின் இடத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். செய்வதற்கு முன் உருவரை வரைய வேண்டும் என்பது கலைத்திட்டத்தின் விதி. உருவரை என்பது பொருளின் பாகங்களையும் அளவையும் இணைப்பையும் காட்டும் விரைவுக் கோட்டுப்படம். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் அதை ஓவியமாகவே வரைகின்றனர், வண்ணம் தீட்டுகின்றனர், பின் அதைத் திரும்பிப் பாராமல் வேறொன்றைச் செய்கின்றனர். சில வேளை பொருளைச் செய்து முடித்தபின் அதைப் பார்த்து உருவரையை நிரப்பி ஒப்படைக்கின்றனர். வடிவமைப்பு தனிப்பாடமாக இல்லாத இந்தியாவில், மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000களில் நடுநிலைப்பள்ளி மாணவர்க்கென ஆக்கிய அலகுகள் இவ்வகையில் கருதத்தக்கவை. பை, காற்றாலை மாதிரி, பொம்மலாட்டப் பாவை ஆகியவற்றைச் செய்த அப்பிள்ளைகள், நகர்ப்புற ஆங்கிலவழி வகுப்பு, நகர்ப்புற மராத்திவழி வகுப்பு, பழங்குடிப் பகுதியின் மராத்திவழி வகுப்பு என மூவகைச் சூழலைச் சேர்ந்தவர்கள். பொருளின் படத்தோடு, முதலில் எதைச் செய்வது, அடுத்து எதை இணைப்பது என்னும் செயல்முறை வரைபடத்தையும் குழுவாகத் திட்டமிட்டு வரையும்படி அவர்கள் பணிக்கப்பட்டனர். படம் பார்ப்பதற்காக இல்லாமல் செய்வதற்காக என்பது இத்தகைய பணியால்தான் பிள்ளைக்கு விளங்கும். பேராக்கின் ஆசிரியர்க்கு இதிலிருந்து கிடைக்கும் வழி எளிது: ஒரு பிள்ளை வரைந்த உருவரையை மற்றொரு பிள்ளையிடம் கொடுத்து அதன்படி செய்யச் சொன்னால், எந்த அளவு விடுபட்டது, எந்த இணைப்பு தெளிவில்லை என்பதை இருவரும் தாமே கண்டுகொள்வர்.

பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் பெருஞ்செல்வம் அவற்றின் சுற்றுப்புறத்திலேயே உள்ளது. கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பதை 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். மலாயாவின் ரப்பர் வரலாறு அங்கே வேரூன்றியது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், அதே வெட்டின் விளிம்பை மெல்லிய சீவலாக மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கும் முறையை வகுத்த பிறகே அத்தொழில் பெருகியது. பால்மரம் சீவுதல் என்று தோட்டத்தார் அழைத்த அச்செயலுக்குள் எத்தனை வடிவமைப்பு முடிவுகள் அடங்கியுள்ளன என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் செல்ல வேண்டும். அப்போதே மிகுதியான குழாய்கள் அறுபடும், பாலும் வழியாமல் மங்கில் சேரும். சீவல் ஆழமில்லையேல் பால் குறையும். பட்டைக்கு அடியில் வளர்ச்சி நிகழும் மென்படலத்தைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து மரம் கெடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மில்லிமீட்டர் அளவை, விளக்கு வெளிச்சத்தில் கைவிரலின் உணர்வால் கணித்தவர்கள் இன்றைய மாணவரின் பாட்டிகள். விடியுமுன் வெட்டியதற்கும் காரணம் உண்டு. மரத்துக்குள் நீரழுத்தம் அப்போதுதான் மிகுதி, வெயில் ஏறினால் பால் குன்றும். ஆலையில் அமிலம் சேர்த்து உறையவைத்த பாலை உருளையில் கொடுத்துத் தகடாக்கும்போது வரிவரியாகப் பள்ளம் பதிப்பது ஏன் என்று ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால், காற்றுபடும் பரப்பு கூடி விரைவில் உலரும், அடுக்கினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளா என்னும் விடைகளை அவர் ஒரு களிமண் தகட்டையும் சீப்பையும் கொண்டு தாமே கண்டறியலாம்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் அவ்வாறே. லம்பம் எனப்பட்ட ஈயச் சுரங்கங்களில் மரத்தால் கட்டப்பட்ட நீண்ட சரிவு வாய்க்காலில் மணல்நீரை ஓடவிட்டு, குறுக்குக் கட்டைகளில் கனமான ஈயத்தாதைத் தங்கச் செய்த பாலோங் என்னும் அமைப்பை, அட்டையும் மணலும் இரும்புத்தூளும் கொண்டு சிறிதாகச் செய்து, சரிவைக் கூட்டியும் குறைத்தும் சோதிக்கலாம். பத்து காஜாவுக்கு அருகில் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயவாரிக் கப்பல், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த 4,500 டன் எடையுள்ள எந்திரம். வாளித்தொடர் மண்ணை அள்ளிக் கொண்டுவந்து கொட்டும் அதன் செயல்முறையைக் கண்ட பிள்ளைக்குக் கப்பியும் நெம்புகோலும் சங்கிலியும் வெறும் சொற்களாக இரா. இவற்றைப் பாடமாக்குவது பழமையைப் போற்றும் விழாவாகிவிடக் கூடாது. தோட்ட வாழ்வின் வறுமையையும் இழிவையும் மறைத்து அழகு காட்டுவதும் நேர்மையாகாது. அத்தொழிலாளரிடம் இருந்தது உடல் வலிமை மட்டுமே என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த பொய்யை, அவர்களின் பேரப்பிள்ளைகள் அளவுகோலும் சோதனையும் கொண்டு மறுக்க வேண்டும் என்பதே இங்கு வேண்டப்படுவது. அதோடு, மழைநாளில் வெட்டு நனையாமல் காப்பது, வாளியின் சுமையால் தோள் நோகாமல் செய்வது போன்ற உண்மையான சிக்கல்களை முன்வைத்து, தாத்தா பாட்டியை நேர்காணச் செய்து, தீர்வு வகுக்கச் சொன்னால், பயனாளரின் தேவையை அறிதல் என்னும் முதற்படி பாடநூல் வாசகமாக நில்லாமல் ஓர் உரையாடலாகும்.

கட்டளைக் குறியீட்டுப் பகுதியில் பள்ளிகள் அஞ்சுவது கணினிப் பற்றாக்குறையையும் இணைய வேகத்தையும். அச்சம் மெய்யானதே, ஈப்போ நகரப் பள்ளிக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே எஞ்சியிருக்கும் தோட்டப்பள்ளிக்கும் உள்ள இடைவெளி இப்பகுதியில்தான் கூர்மையாகத் தெரிகிறது. ஆயினும் படிமுறை, அதாவது ஒரு வேலையை ஐயமின்றி ஒழுங்காக நிறைவேற்றும் கட்டளை வரிசை, கணினியின்றியும் கற்பிக்கத்தக்கது; நியூசிலாந்தில் டிம் பெல்லும் அவர்தம் தோழரும் 1990களில் உருவாக்கிய கணினியில்லாக் கணினியியல் பயிற்சிகள் உலகெங்கும் வழங்குகின்றன. தமிழ்ப்பிள்ளைக்கு அதனினும் அண்மையில் இருப்பது கோலம். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமனியும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் 1970களில் புள்ளிக் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்கிக் கட்டுரைகள் எழுதினர். ஓர் அடிப்படைச் சுழி, அதைத் திருப்பும் விதி, எத்தனை முறை மீண்டும் செய்வது என்னும் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சொற்களால் எழுதி, கோலத்தைப் பாராத தோழர் அதைப் படித்தே வரைய வேண்டும் என்று விதித்தால், மீள்செயல் என்னும் கருத்தும் பிழை திருத்தலும் ஒருங்கே பிடிபடும். அதன்பின் 2007இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிச்செல் ரெஸ்னிக்கின் குழு வெளியிட்ட ஸ்கிராட்ச் போன்ற கட்டளைக் கட்டங்களுக்கு மாணவர் செல்லும்போது, பள்ளியிலுள்ள சில கணினிகளே போதுமானவையாகும்.

புத்தாக்கப் போட்டிகளைப் பற்றி இரண்டு சொல் வேண்டும். அஸ்தி எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்திவரும் இளம் மாணவர் அறிவியல் விழா, தோட்டப்பள்ளிப் பிள்ளையும் நடுவர் முன் நின்று தன் ஆய்வைத் தமிழில் விளக்கலாம் என்னும் நம்பிக்கையை விதைத்த அரும்பணி. பன்னாட்டுப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர் பெற்ற விருதுகள், பள்ளியை மூடும் பேச்சு எழும்போதெல்லாம் சமூகத்துக்கு ஊன்றுகோலாகவும் இருந்தன. ஆயினும் விருதுக்கெனத் தேர்ந்தெடுத்த சிலரைக் கொண்டு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்யும் பள்ளியில், மற்ற மாணவரின் வாரப் பாடவேளை ஒரே மாதிரிப் பொருளோடு கழியுமானால், அந்தப் பள்ளியில் இப்பாடம் நடைபெறுகிறது என்று சொல்ல முடியாது.

மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த சிறுபள்ளிகள் இவ்வகையில் எதிர்பாராத வாய்ப்பு உடையவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் குடும்பங்கள் நகரம் நோக்கிப் பெயர்ந்ததால் உருவான இப்பள்ளிகளில், ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேரே இருப்பதும், மிகச் சிலவற்றில் இரண்டு ஆண்டு மாணவரைச் சேர்த்துக் கூட்டு வகுப்பாகக் கற்பிப்பதும் உண்டு. மற்றப் பாடங்களுக்குச் சுமையாகும் இந்நிலை, வடிவமைப்புக்கு உகந்தது. ஆசிரியர் ஒவ்வொரு கையையும் காண முடிகிறது, மூத்த மாணவர் இளையவர்க்குக் கருவி பிடிக்கக் கற்பிக்கிறார், பள்ளியைச் சுற்றி நிலமும் இருக்கிறது. வாரந்தோறும் சிதறும் பாடவேளைகளை மாதம் ஒருமுறை நீண்ட அமர்வாகத் தொகுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் இசைவாரானால், இச்சிறுபள்ளிகளே நகரப் பள்ளிகளுக்கு வழிகாட்டக்கூடும்.

மதிப்பீடு இன்று ஆசிரியர் கையில் உள்ளது. ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலைகளுள் மாணவரை நிறுத்தும் வகுப்புசார் மதிப்பீட்டில், மேல்நிலைகள் பகுத்தாய்தலையும் மதிப்பிடுதலையும் புத்தாக்கத்தையும் வேண்டுகின்றன. முடிந்த பொருளை மட்டும் பார்த்து நிலை வழங்கினால், வீட்டில் பெற்றோர் செய்துகொடுத்த அழகிய பொருள் வெல்லும். பிள்ளை தானே செய்து, சக்கரம் உருளாமல் போய், அச்சை மாற்றி மீண்டும் உருட்டிய கோணல் வண்டி தோற்கும். ஆகவே முதல் உருவரை, கைவிட்ட எண்ணம், சோதனையில் கண்ட குறை, செய்த திருத்தம் ஆகியவை தேதியோடு பதிந்த குறிப்பேடே மதிப்பிடத்தக்க முதன்மைச் சான்று. அக்குறிப்பேட்டைத் தாளாளர் கூட்டத்திலோ பெற்றோர் சந்திப்பு நாளிலோ பிள்ளையே விளக்கிப் பேசும்போது, முன்னர்க் கூறிய பெற்றோரின் ஐயத்துக்கும் விடை கிடைக்கும்.

ஆசிரியர் ஆக்கத்துக்கு வேண்டிய நிறுவனங்கள் பேராக்கிலேயே உள்ளன. உலு கிந்தாவிலுள்ள ஆசிரியர் கல்விக் கழகத்தின் ஈப்போ வளாகம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்குகிறது. கூடை முடையக் கற்பித்த தஞ்சோங் மாலிம் கல்லூரி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்து, தமிழ்க் கல்வியிலும் தொழில்நுட்பக் கல்வியிலும் பட்டம் வழங்குகிறது. இவ்விரு துறையாரும் ஒன்றுகூடித் தமிழ்வழி வடிவமைப்பு ஆசிரியர்க்கெனச் செயற்பட்டறை நடத்தவும், ரப்பரும் ஈயமும் கோலமும் இடம்பெறும் துணைநூல்களை ஆக்கவும் தடையொன்றும் இல்லை. இடைநிலைப்பள்ளியில் முதல் மூன்று படிவங்களுக்கும் இதே பாடம் மலாய்மொழியில் தொடர்வதால், தமிழில் பெற்ற கருத்துகளுக்குரிய மலாய்ச் சொற்களை ஆறாம் ஆண்டிலேயே அறிமுகம் செய்வது அத்துணைநூல்களின் மற்றொரு பணி. கருத்து உறுதியாக இருப்பின் சொல்லை மாற்றிக்கொள்வது பிள்ளைக்குக் கடினமன்று. 2027இல் புதிய கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கி மேலேறுகையில், இப்பாடத்தின் உள்ளடக்கமும் கால அளவும் மீண்டும் வரையறுக்கப்படக்கூடும். அந்த ஆவணங்கள் தமிழாக்கத்துக்கு வந்தபின் கருத்துரைப்பதைவிட, பேராக்கின் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைக் குறிப்பேடுகளைச் சான்றாகத் தொகுத்து, வகுக்கும் நிலையிலேயே முன்வைப்பது பயன் தரும்.